மாணவனாகச் சேரப் போனவர் பேராசிரியரானார்

பிடில் மேதை துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் இளமைக் காலம்

1893-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி. தீபாவளித் திருநாள். பெங்களூரில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. தகப்பனார் ராணுவத்தில் உத்தியோகம் பார்த்தவர். குழந்தைக்கு வெங்கடசாமி என்று பெயரிட்டார்கள்.

அந்நாளில் பெங்களூர் பெரிய ராணுவத் தலம். 'தண்டு' என்று மக்கள் அழைத்த கன்டோன்மென்ட் பகுதியில், பட்டாளத்தை ஒட்டித் தமிழரும் தெலுங்கரும் வந்து குடியேறினர். சிப்பாய்கள், குமாஸ்தாக்கள், தையற்காரர்கள், கடைக்காரர்கள் என்று பல தொழில் செய்தவர்கள் அவர்கள். பிழைப்பு எங்கே இட்டுச் சென்றதோ அங்கே குடும்பமும் சென்றது. துவாரம் குடும்பமும் அப்படித்தான். பெங்களூரில் பிறந்த குழந்தை வளர்ந்தது விசாகப்பட்டினத்தில். பிற்காலத்தில் ஆந்திர நாடு முழுவதும் 'பிடில் நாயுடு காரு' என்று மரியாதையோடு அழைத்த துவாரம் வெங்கடசாமி நாயுடு அவர்தான்.

கர்நாடக சங்கீத உலகில் வயலின் என்றாலே நினைவுக்கு வரும் நாலைந்து பெயர்களில் அவருடைய பெயரும் ஒன்று. ஆனால் அந்தப் பெயர் எளிதில் கிடைத்ததல்ல. பள்ளிக்கூடம் கைவிட்ட பையன் அவர். கண்பார்வை குறைந்தவர். சங்கீதத்தின் தலைநகரமான தஞ்சை மண்ணிலிருந்து வெகு தூரத்தில் வளர்ந்தவர். பெயர் பெற்ற வித்வான் எவரிடமும் குருகுலவாசம் செய்து புகழ் தேடிக்கொண்டவரும் அல்லர். இத்தனைக்கும் நடுவே அவர் எப்படி மேலே வந்தார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் அறிய வேண்டிய பகுதி.

கரும்பலகை தெரியவில்லை

விசாகப்பட்டினத்தில் பையன் பள்ளிக்கூடம் போனான். படிப்பில் ஆர்வம் இல்லாதவன் அல்லன். ஆனால் ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது அவனுக்குத் தெரியவில்லை. பார்வைக் குறை சிறு வயதிலேயே தலைகாட்டிவிட்டது. பக்கத்திலிருக்கும் பையனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எத்தனை நாள் ஓட்ட முடியும்? பாடத்தைப் பார்க்க முடியாத பையனுக்குப் படிப்பு ஏறாது என்று முடிவு கட்டிவிட்டார்கள். படிப்பு பாதியில் நின்றது.

இன்று பார்வைக் குறையுள்ள குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள் உண்டு; கண்ணாடி உண்டு; சிகிச்சை உண்டு; அரசாங்கச் சலுகைகளும் உண்டு. சுமார் 1900-ஆம் ஆண்டை ஒட்டிய அந்தக் காலத்தில் இவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதவை. பள்ளிப் படிப்பு இல்லையென்றால் சர்க்கார் உத்தியோகம் இல்லை. கண் சரியில்லையென்றால் தகப்பனாரைப் போலப் பட்டாளத்துக்கும் போக முடியாது. நடுத்தரக் குடும்பத்துப் பையனுக்குத் திறந்திருந்த இரண்டு கதவுகளும் ஒரே சமயத்தில் மூடிக்கொண்டன.

வீட்டில் ஒரு பிடில் இருந்தது. மூன்றாவது கதவு அதுதான்.

அண்ணனே குரு

பையனின் தமையனார் வெங்கடகிருஷ்ணய்யா பிடில் வாசிக்கத் தெரிந்தவர். அவரே தம்பிக்கு முதல் குருவானார். வெளியே சென்று பெரிய வித்வானுக்குத் தட்சிணை வைத்துக் கற்கவில்லை. வீட்டுத் திண்ணையே பாடசாலை, அண்ணனே வாத்தியார்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், பிறகு கீர்த்தனை என்பது கர்நாடக சங்கீதத்தில் எல்லோரும் ஏறும் படி. ஒவ்வொரு வரிசையையும் மூன்று காலங்களில் வாசித்துப் பழக வேண்டும். முதலில் மெதுவாக, பின் இரட்டிப்பு வேகம், அதன் பின் நான்கு மடங்கு வேகம். கையும் காதும் ஒன்றுபடும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

பார்வைக் குறையுள்ள பையனுக்கு இந்தப் படிப்பில் ஒரு வசதி இருந்தது. வீணையில் மெட்டுகள் உண்டு. இந்த இடத்தில் அழுத்தினால் இந்த ஸ்வரம் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். பிடிலில் மெட்டு கிடையாது. வழவழவென்ற கறுப்புப் பலகையின் மேல் நான்கு தந்திகள் ஓடும். அவ்வளவுதான். விரலை ஒரு நூலிழை தள்ளி வைத்தால் ஸ்வரம் கெட்டுவிடும். அது சரியா தவறா என்பதைச் சொல்லக் கண்ணால் ஆகாது. காதுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் பலவீனமாக இருந்தது இங்கே தடையாக நிற்கவில்லை. கண்ணுக்குக் கிடைக்காத கவனம் முழுவதும் காதுக்குப் போயிற்று.

வெங்கடசாமி மணிக்கணக்கில் சாதகம் செய்தார். இளம் வயதில் வேறு வேலையோ, வேறு பொழுதுபோக்கோ அவருக்கு இருக்கவில்லை என்றே சொல்லலாம். ஊருக்கு வரும் வித்வான்களின் கச்சேரிகளைக் கேட்டுத் தம்முடைய வாசிப்பைத் திருத்திக்கொண்டார். வடக்கு ஆந்திரத்தில் அப்போது புகழ் பெற்றிருந்த வீணை வித்வான் துமரட சங்கமேஸ்வர சாஸ்திரியிடம் அவர் பெருமதிப்பு வைத்திருந்தார். வீணையில் வரும் கமகத்தின் குழைவையும் நாதத்தின் நிதானத்தையும் பிடிலில் கொண்டுவர முடியுமா என்பது அவர் மனத்தில் ஓடிக்கொண்டேயிருந்த கேள்வி.

கடல் கடந்து வந்த வாத்தியம்

பிடில் நம் நாட்டு வாத்தியமாக மாறி அப்போது நூறு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்த பெருமை, முத்துசாமி தீட்சிதரின் இளைய சகோதரர் பாலுசாமி தீட்சிதருக்கு (1786 - 1858) உரியது. மணலி சின்னசாமி முதலியாரின் ஆதரவில் தீட்சிதர் குடும்பம் இருந்த காலத்தில், சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் அவர் வயலின் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அந்த வாத்தியத்தில் மேலும் சிறந்து விளங்கினார். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ல் அவருக்கு யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார்.

வெள்ளைக்காரன் நின்றுகொண்டு, தாடையில் இடுக்கி வாசித்த கருவியை நம்மவர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறு முனையை வலது கணுக்காலிலும் பொருத்தி வாசித்தார்கள். இதனால் இடது கை தந்தியின் மேல் தாராளமாக வழுக்கி ஓட முடிந்தது. கமகத்துக்கு அதுதானே உயிர்! தந்திகளைச் சுருதி சேர்க்கும் முறையையும் மாற்றி ஷட்ஜம், பஞ்சமம், ஷட்ஜம், பஞ்சமம் என்று அமைத்துக்கொண்டார்கள்.

வெங்கடசாமி சிறுவனாக இருந்த காலத்தில் தமிழ்நாட்டில் திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர் (1857 - 1913) பிடிலில் சக்கரவர்த்தியாக விளங்கினார். மலைக்கோட்டை கோவிந்தசாமி பிள்ளை அவருக்குப் பின் வந்தார். காவிரிக் கரையில் பிறந்த பையன் என்றால் இவர்களைத் திருவிழாவிலும் கல்யாணக் கச்சேரியிலும் பல முறை கேட்டே பாதி கற்றுவிடலாம். விசாகப்பட்டினம் அப்போது சென்னை ராஜதானியின் வட கோடி. தஞ்சாவூருக்கும் அதற்கும் இடையே நூற்றுக்கணக்கான மைல்கள். கேட்டுக் கற்க வழியில்லாத இடத்தில் இருந்தவர் தாமே யோசித்துக் கற்க வேண்டியிருந்தது. அந்தக் குறையே பிற்காலத்தில் அவருக்குத் தனி வழி அமைத்துக் கொடுத்தது.

வில்லின் வித்தை

பிடில் வாசிப்பில் இடது கைக்குத்தான் எல்லோரும் மதிப்புக் கொடுப்பார்கள். ஸ்வரம் பிறப்பதும் கமகம் பிறப்பதும் அங்கேதான் என்பது பொதுவான எண்ணம். வெங்கடசாமியின் கவனம் வலது கையின் மேலும் சென்றது. அந்தக் கையில்தான் வில் இருக்கிறது. வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர். அது தந்தியில் உராய்ந்தால்தான் நாதம். அழுத்தம் கூடினால் கீச்சென்ற ஒலி. குறைந்தால் காற்று போன ஒலி. எவ்வளவு அழுத்துவது, எவ்வளவு நீளம் இழுப்பது, எங்கே திருப்புவது என்பதைப் பொறுத்துத்தான் பிடில் பாடும், அல்லது அழும்.

இதற்கு மேல்நாட்டார் நூற்றாண்டுகளாக வகுத்து வைத்திருந்த முறைகள் இருந்தன. அவற்றை அந்நியச் சங்கதி என்று அவர் ஒதுக்கவில்லை. மேல்நாட்டு வயலின் வாசிப்பைக் கூர்ந்து கேட்டார். முழு வில்லையும் நீளமாக இழுப்பது, வில் திரும்பும் இடம் தெரியாமல் நாதத்தைத் தொடரச் செய்வது, மெலிதாகத் தொடங்கிப் பெருக்கி மறுபடி மெலிதாக்குவது ஆகியவற்றையெல்லாம் பழகிக்கொண்டார். ஆனால் வாசித்தது என்னவோ சுத்தமான கர்நாடக சங்கீதம். ராகத்தின் லட்சணத்தில் கை வைக்கவில்லை. நாதத்தை மட்டும் மெருகேற்றினார்.

அவருடைய பிடிலைக் கேட்டவர்கள் முதலில் சொன்னது அதன் இனிமையைப் பற்றித்தான். வேகத்தாலும் கணக்காலும் சபையை மிரட்டும் வாசிப்பு அல்ல அது. சுருதியில் தோய்ந்து நின்று, ஒரு ஸ்வரத்தை அது இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்திக் காட்டும் வாசிப்பு. தம்புராவைப் பற்றி ஆராய்ந்து பின்னாளில் அவர் கட்டுரை எழுதியதற்கும் இந்தச் சுருதிப் பற்றே காரணம்.

ஒரு விண்ணப்பம்

வித்தை வளர்ந்தது. வயிற்றுப்பாடு? அக்காலச் சங்கீதக்காரருக்கு நிலையான வருமானம் கிடையாது. ஜமீன்தார் ஆதரித்தால் உண்டு. கல்யாண சீசன் வந்தால் உண்டு. திருவிழா நடந்தால் உண்டு. மற்ற நாட்களில் வீட்டில் அடுப்பு எரிவது அவரவர் அதிர்ஷ்டம். பக்கவாத்தியக்காரர் நிலை இன்னும் மோசம். பாடகர் அழைத்தால்தான் கச்சேரி. பாடகர் பார்த்துக் கொடுப்பதுதான் சன்மானம்.

இந்த நிலையில் 1919-ல் விஜயநகரத்தில் ஓர் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டது. கர்நாடகத்தில் ஹம்பியில் இருந்த பழைய விஜயநகரம் வேறு, இது வேறு. இது விசாகப்பட்டினத்துக்கு வடக்கே உள்ள ஊர். பூசபாட்டி வம்சத்து மகாராஜாக்களின் தலைநகரம். கலைக்கும் கல்விக்கும் பேர் போன சம்ஸ்தானம். தெலுங்கின் புகழ் பெற்ற நாடகமான 'கன்யாசுல்கம்' எழுதிய குரஜாட அப்பாராவ் இந்தச் சமஸ்தானத்தின் ஆதரவில் வாழ்ந்தவர்தான்.

மகாராஜா விஜயராம கஜபதி ராஜு கல்லூரியை நிறுவியதற்கு ஒரு காரணம் அவ்வூரில் வழங்கி வருகிறது. சமஸ்தான ஊழியர் ஒருவரின் மகனுக்குக் கண்பார்வை இல்லை. ஆனால் சங்கீதத்தில் நாட்டம் அதிகம். அந்தப் பிள்ளைக்கு வழி செய்ய வேண்டும் என்று எண்ணிய மகாராஜா, ஒருவருக்காக மட்டும் ஏற்பாடு செய்வதை விட எல்லோருக்குமாக ஒரு கல்லூரியே வைத்துவிடலாம் என்று முடிவு செய்தாராம். சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை இசைக் கல்லூரி தொடங்கியது 1929-ல். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே விஜயநகரத்தில் சங்கீதம் கல்லூரிப் படிப்பாகிவிட்டது.

செய்தி விசாகப்பட்டினத்துக்கு எட்டியது. வெங்கடசாமி நாயுடுவுக்கு அப்போது வயது 26. கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆசிரியராக அல்ல, மாணவராக! முறையாகப் படித்துத் தேறினால் தம் வித்தைக்கு ஓர் அங்கீகாரம் கிடைக்கும் என்பதுதான் அவருடைய எண்ணம். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஏறிய பையன்கள் பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்துவிட்ட வயதில், அவர் மாணவராகப் பெயர் எழுதிக்கொள்ளப் புறப்பட்டார். அதில் அவருக்கு வெட்கமோ தயக்கமோ இருக்கவில்லை.

விண்ணப்பித்தவர்களின் தரத்தை அறியச் சோதனை வைத்தார்கள். நாயுடு பிடிலை எடுத்து வாசித்தார். கேட்டவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. இவருக்குக் கற்பிக்கக் கல்லூரியில் எதுவும் மீதி இல்லை. இவர் கற்பித்தால்தான் கல்லூரிக்கு மதிப்பு. மாணவராகச் சேர வந்தவரை வயலின் பேராசிரியராகவே நியமித்துவிட்டார்கள்.

படிப்பு முடியாதவர் என்று யாரும் தட்டிக் கழிக்கவில்லை. பார்வை குறைந்தவர் என்று திருப்பி அனுப்பவில்லை. சான்றிதழ் எங்கே என்று கேட்கவில்லை. கையில் இருந்த வித்தையே சான்றிதழாகக் கொள்ளப்பட்டது. கரும்பலகை தெரியாமல் வகுப்பை விட்டுப் போனவர், கரும்பலகையே தேவைப்படாத வகுப்புக்கு ஆசிரியராக வந்து அமர்ந்தார்.

தாசுவின் தலைமையில்

கல்லூரியின் முதல் முதல்வராக இருந்தவர் ஆதிபட்ல நாராயண தாசு (1864 - 1945). தெலுங்கு நாட்டில் ஹரிகதைக் கலையின் தந்தை என்று போற்றப்படுபவர். பாடுவார், வீணை வாசிப்பார், கவி புனைவார், பல மொழிகள் அறிந்தவர். லய ஞானத்தில் ஒரே சமயத்தில் பல தாளங்களைக் கை கால்களில் காட்டிக்கொண்டு பாடும் அசாத்தியத் திறமை படைத்தவர். கம்பீரமான தோற்றமும் அதற்கேற்ற சாரீரமும் கொண்டவர்.

இப்படிப்பட்ட மேதையின் தலைமையில் நாயுடு பதினேழு ஆண்டுகள் பணியாற்றினார். மாதச் சம்பளம் வந்தது. சன்மானத்துக்காக அலைய வேண்டியதில்லை. அதனால் சாதகத்துக்கு நேரம் கிடைத்தது. கற்பிப்பவனுக்குத்தான் தன் வித்தை முழுவதும் விளங்கும் என்பார்கள். மாணவனின் விரல் ஏன் தவறுகிறது, வில் ஏன் தடுமாறுகிறது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிச் சொல்லும்போது, தாம் பழக்கத்தால் செய்ததையெல்லாம் காரணத்தோடு அறிந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. விஞ்ஞானமும் கலையும் கைகோத்துச் செல்ல வேண்டும் என்ற கருத்து அவரிடம் வேரூன்றியது.

வீட்டிலும் இதே சூழ்நிலைதான். பின்னாளில் மகன் பாவநாராயண ராவும் மகள் மங்கத்தாயாரும் வயலின் கலைஞர்களாயினர். துவாரம் என்ற வீட்டுப் பெயரே பிடிலுக்கு மறு பெயராகிவிட்டது.

சென்னையின் காதில்

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. அதை ஒட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928-ல் மியூசிக் அகாடமி தோன்றியது. சபாக்கள் பெருகின. ராஜா, ஜமீன்தார் ஆதரவில் இருந்த சங்கீதம் டிக்கெட் வாங்கும் பொதுமக்களிடம் வந்து சேர்ந்தது. கிராமபோன் பெட்டி வீடுகளில் நுழைந்தது. வானொலியும் பின்னால் வந்தது. வட கோடியில் இருந்த நாயுடுவின் வில்லோசையைச் சென்னை கேட்கத் தொடங்கியது இந்த ஆண்டுகளில்தான்.

அந்நாளில் பிடிலுக்குப் பக்கவாத்திய ஸ்தானம்தான். பாடகர் ராகம் பாடினால் நிழல் போலப் பின்தொடர வேண்டும். அவர் நிறுத்தினால் அதே ராகத்தைச் சுருக்கமாக வாசித்துக் காட்ட வேண்டும். கீர்த்தனையில் சங்கதிகளுக்குத் துணை நிற்க வேண்டும். கற்பனை ஸ்வரத்தில் பாடகர் கொடுத்ததற்குத் தக்க பதில் கொடுக்க வேண்டும். குறைத்து வாசித்தால் திறமையில்லை என்பார்கள். அதிகம் வாசித்தால் அடக்கமில்லை என்பார்கள். கத்தி முனையில் நடப்பது போன்ற வேலை.

நாயுடு இந்த வேலையைப் பாடகருக்குப் போட்டியாகச் செய்யவில்லை. பாடகரின் கருத்தை உணர்ந்து, அவர் விட்ட இடத்தில் தொட்டு, அதன் அழகைக் கூட்டிக் காட்டினார். அவருடைய முறை வரும்போது சபை தன்னை மறந்து காது கொடுத்தது. இவர் தனியாக வாசித்தால் எப்படி இருக்கும் என்ற ஆவல் ரசிகர்களிடம் மெல்ல வளர்ந்தது.

வேலூரில் தனிக்கச்சேரி

தனிக்கச்சேரி என்பது அன்று சிறிய விஷயம் அல்ல. நாகசுரத்துக்குத் தனிச் சபை உண்டு. வீணைக்கு உண்டு. புல்லாங்குழலுக்கு அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872 - 1904). அவரும் கண்பார்வை இல்லாதவர் என்பது குறிப்பிடத்தக்கது. பிடிலோ பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்து பழகிப்போன வாத்தியம். வார்த்தை இல்லாமல், பாடகர் இல்லாமல், இரண்டு மூன்று மணி நேரம் பிடிலை மட்டும் கேட்க மக்கள் உட்காருவார்களா?

1938-ல் தமிழ்நாட்டில் வேலூரில் நாயுடு தம் முதல் தனிக்கச்சேரியை நடத்தினார். மக்கள் உட்கார்ந்தார்கள்; கேட்டார்கள். பாட்டில் சாகித்தியம் என்று சொல்லும் வார்த்தைகளைக் கூட அவருடைய வில் உச்சரித்துவிடும் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். எங்கே சொல் பிரிகிறதோ அங்கே வில் திரும்பும். எங்கே நீளுகிறதோ அங்கே வில்லும் நீளும். இளமையில் வலது கைக்கு அவர் கொடுத்த உழைப்பின் பயன் இது. பிடிலைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்திய முன்னோடிகளில் ஒருவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

இன்று மேடையில் வயலின் தனிக்கச்சேரி சர்வ சாதாரணம். இரட்டை வயலின், மூன்று வயலின் என்றெல்லாம் நடக்கிறது. அந்தப் பாதையைச் செப்பனிட்டவர்களில் விஜயநகரத்து ஆசிரியரும் ஒருவர்.

முதல்வர் நாற்காலியில்

1936-ல் நாராயண தாசுவுக்குப் பின் நாயுடு கல்லூரியின் முதல்வரானார். மாணவராகச் சேர விண்ணப்பித்தவர் பதினேழு ஆண்டுகளில் அந்தக் கல்லூரிக்கே தலைவரானார். அவர் காலத்தில் அங்கே படித்தவர்களில் ஒருவர் கண்டசாலா வெங்கடேஸ்வர ராவ். வறுமையில் வீடு வீடாக உணவு பெற்றுச் சங்கீதம் கற்ற அந்த இளைஞர்தான் பின்னாளில் தெலுங்கிலும் தமிழிலும் சினிமாப் பாட்டில் கொடி கட்டிப் பறந்தார். தமிழர் வீட்டுக்கு வீடு அறிந்த பின்னணிப் பாடகி பி. சுசீலாவும் அதே ஊரில் பிறந்து, அதே கல்லூரியில் சங்கீதம் கற்றவர். 1991-ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற நேதுநூரி கிருஷ்ணமூர்த்தியும் அங்கு துவாரம் நரசிங்கராவ் நாயுடுவிடம் வயலின் பயின்றவர்தான்.

விருதுகள் தேடி வந்தன. 1941-ல் சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டுக்கு நாயுடு தலைமை வகித்தார். அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் அவருக்கு உரியதாயிற்று. ஆந்திரப் பல்கலைக்கழகம் கலாபிரபூர்ணர் பட்டம் வழங்கியது. 1953-ல் மத்திய சங்கீத நாடக அகாடமி விருது; 1957-ல் பத்மஸ்ரீ. 1952-ல் இந்தியா வந்த உலகப் புகழ் பெற்ற வயலின் மேதை யெஹுதி மெனுஹின், நாயுடுவின் வாசிப்பைக் கேட்டு வியந்தார். மேல்நாட்டு வில் முறையைத் தூரத்திலிருந்து கேட்டுத் தாமாகவே பழகிக்கொண்டவரின் வாசிப்பை, அந்த முறையின் மேதையே உட்கார்ந்து கேட்டது பொருத்தம்தான்.

வயது ஏற ஏறக் கண்பார்வை மேலும் மங்கியது. கறுப்புக் கண்ணாடியோடு மேடையில் அமர்ந்திருக்கும் நாயுடுவின் படத்தைப் பலரும் பார்த்திருக்கலாம். பார்வையற்றோர் நலனுக்காக நிதி திரட்டவும் அவர் கச்சேரி செய்ததுண்டு. கண் இல்லாதவனுக்கு வழி என்ன என்ற கேள்வி அவருக்குப் புத்தகத்தில் படித்த கேள்வி அல்லவே!

1964-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி, தமது 71-ஆவது வயதில் அவர் காலமானார். நூற்றாண்டு வந்த 1993-ல் அவர் உருவம் பொறித்த தபால் தலையை இந்தியத் தபால் துறை வெளியிட்டது.

பெரிய குரு கிடைக்கவில்லை, படிக்க வசதியில்லை, உடம்பில் குறை என்று சொல்லிக்கொள்ள நாயுடுவுக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. அவற்றில் ஒன்றைக் கூட அவர் சாதகத்தை நிறுத்தப் பயன்படுத்தவில்லை. அதே போல், 26 வயதில் தமக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணி வீட்டில் உட்கார்ந்திருந்தால், அந்தக் கல்லூரி வாசலை மிதித்திருக்கவும் மாட்டார். இன்னும் கற்க வேண்டும் என்று போனதால்தான் கற்பிக்கும் பதவி அவரைக் கண்டுபிடித்தது.

சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் ரயில் பாதையில் விசாகப்பட்டினத்தைத் தாண்டியதும் விஜயநகரம் சந்திப்பு வரும். வேலை தேடி வடக்கே போகும் தமிழர்கள் பலர் அந்த ஸ்டேஷனைக் கடந்திருப்பார்கள். அந்த ஊரில் மகாராஜாவின் இசைக் கல்லூரி இன்றும் அரசாங்கக் கல்லூரியாக நடந்து வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் அங்கே புதிய மாணவர்கள் பிடிலோடு விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.